கொடிக்கம்பம் எவருக்கு?

கல்லை நட்டு மாலை சூட்டுவதில் நமது சமூகத்தாருக்குள்ள ஊக்கம், அக்கல் எவர் பொருட்டு நடப்படுகிறதென்று விசாரிப்பதில் இருப்பதில்லை. பிறரைக் குறை கூறவேண்டுமென்று இதனை எழுதவில்லை. நானும் அச்சமூகத்தில் ஒருவனே. ஆயினும் சென்ற மாதம் எங்கள் தோட்டத்து மண்டபத்தில் நடந்தேறிய ஒரு கூட்டமும், அதிற் செய்யப்பட்ட ஒரு தீர்மானமும் என்னை வாளாவிருக்க விடவில்லை.

தீர்மானம் இதுதான்: தோட்டத்து இடுகாட்டில் அடங்கியிருக்கும் யுத்த காலத்து வீரர்களைக் கௌரவிக்கும் பொருட்டு, இடுகாட்டின் முகப்பில் முப்பதடி உயரமுள்ள இரும்புக் கொடிக்கம்பம் ஒன்று நாட்டுவது; அதனைத் திறந்துவைக்கப் பட்டணத்திலிருந்து ஒரு பிரமுகரை அழைப்பது; செலவுக்காகத் தோட்டத்திலும் அருகிலுள்ள டவுனிலும் நன்கொடை திரட்டுவது. கைதட்டல் அடங்குமுன் நான் எழுந்து, "அங்கே அடங்கியிருக்கும் வீரர்கள் எத்தனை பேர்? அவர்கள் பெயரென்ன?" என்று கேட்டேன். அக்கிராசனர் காரியதரிசியைப் பார்த்தார். காரியதரிசி பொருளாளரைப் பார்த்தார். பின்வரிசையிலிருந்த ஒரு பெரியவர், "பத்துப் பன்னிரண்டு பேர் இருப்பாங்க, தம்பி" என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியதென்று குறிப்புப் புத்தகத்தில் எழுதப்பட்டது.

மறுநாள் காரியாலயத்துக்கு வந்த நண்பர் ஒருவர், "கிராணியாரே, நல்ல காரியத்துக்கு நீங்கள் ஏன் குறுக்கே நிற்கிறீர்கள்?" என்று கேட்டார். அவருக்குக் கூறிய விடையையே இங்கு விரித்தெழுதுகிறேன்.

மேற்படி கம்பத்தின் அடியில் ஒரு சலவைக்கல் பதிக்கப்படவிருக்கிறது. நான் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவனாதலால், ஆங்கிலத்திலும் தமிழிலும் அதற்கெழுதிய வாசகத்தை எழுத்துப் பிழை பார்க்கும்படி என்னிடமே கொடுத்தார்கள். அதிலே திறந்துவைக்கும் பிரமுகரின் பெயர் பட்டங்களுடன் இருக்கிறது. அக்கிராசனர், உப அக்கிராசனர், காரியதரிசி, பொருளாளர், நிர்வாக அங்கத்தினர் எழுவர் ஆகியோரின் பெயர்கள் இருக்கின்றன. பெருந்தொகை கொடுப்போருக்கென்று கீழே நான்கு வரிகள் இடம் விட்டிருக்கிறது. மண்ணுக்குள் இருப்பவர்களுக்கு, "நமது வீரர்கள்" என்று இரண்டே சொற்கள்! எழுத்துப் பிழை ஒன்றுமில்லை. அப்படியே எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் வந்த ஞாயிற்றுக்கிழமை, ஓய்வுபெற்ற தண்டல் ஒருவரை உடனழைத்துக்கொண்டு இடுகாட்டுக்குச் சென்றேன். ரப்பர் மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட காலத்தில் வேலி பிடுங்கப்பட்டது. இன்று கடைசி இரண்டு நிரை மரங்கள் இடுகாட்டுக்கு உள்ளேயே நிற்கின்றன. எஞ்சிய இடத்தை லாலான் புல் மூடியிருக்கிறது. பெரியவர் கைத்தடியால் புல்லை விலக்கி விலக்கி நடந்தார். உடைந்த சிமெண்டுக் கட்டொன்றின் முன் நின்று, "இதுதான் நேதாஜி தாத்தா" என்றார். அவர் 1945-க்குப் பிறகு இத்தோட்டத்திலேயே பால்மரம் வெட்டியவராம். ஆண்டுதோறும் ஜனவரி 23-ஆம் நாள், போஸ் பிறந்த தினத்தன்று, காக்கித் தொப்பியணிந்து மாரியம்மன் கோயில் வாசலில் சிறிது நேரம் விறைப்பாக நின்றுவிட்டு, ஒன்றும் பேசாமல் வேலைக்காட்டுக்குப் போய்விடுவாராம். பெயரென்னவென்று கேட்டேன். பெரியவர் வெகுநேரம் யோசித்தார். "எல்லாரும் நேதாஜி தாத்தான்னுதான் கூப்பிடுவோம்" என்றார்.

சற்றுத் தள்ளி ஓர் அரளிச் செடி. அதனடியில் ஜான்சி ராணிப் படையிலிருந்த ஒரு மாது. சிமெண்டும் இல்லை, கல்லும் இல்லை. இவரும் "ஜான்சி பாட்டி"தான். அப்பால், சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டு மீண்டு வந்தவர் ஒருவர். அண்ணன் தம்பி இருவர் சென்று தம்பி மாத்திரம் திரும்பினான். முழங்காலுக்குக் கீழே சீழ்ப்புண் தின்ற வடு சாகும்வரை இருந்தது. அவரை ஊரார் "சயாம்காரர்" என்றழைத்தனர். ஒருவருக்குத் தலைவனின் பெயர்; ஒருவருக்குப் படையின் பெயர்; ஒருவருக்குத் தாம் வதைபட்ட தேசத்தின் பெயர். சொந்தப் பெயர் மூவருக்குமில்லை! இவர்களுடைய தலைமாட்டிலேதான் முப்பதடிக் கம்பம் நாட்டப் போகிறோம்.

வாசகர்களில் இளைஞராயிருப்போர் பொருட்டு இச்சரித்திரத்தைச் சுருங்கச் சொல்வேன். 1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சுதந்திர இந்தியத் தற்காலிக சர்க்கார் அங்கேயே பிரகடனம் செய்யப்பட்டது. டாக்டர் லட்சுமி சுவாமிநாதன் தலைமையில் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படை அமைந்தது. அதிற் சேர்ந்தோருள் மலாயாத் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள் பலர். அவர்களில் அநேகர் இந்தியாவைக் கண்ணாற் கண்டதில்லை. லயத்திலே சாதிக்கொரு குழாயடி பார்த்துத் தண்ணீர் பிடித்தவர்கள், முகாமிலே ஒரே அடுப்பிற் சமைத்ததை ஒரே வரிசையில் உட்கார்ந்துண்டனர். இந்த ஒன்றுக்காக மாத்திரமே அவர்களுக்குச் சிலை வைக்கலாமென்பது என் அபிப்பிராயம். 1945-இல் படை கலைந்தது. பட்டணத்தார் சிலருடைய பெயர் புத்தகங்களில் ஏறிற்று. தோட்டத்தார் மறுபடியும் பால்வாளியைத் தூக்கிக்கொண்டு வேலைக்காடு ஏறினர்.

கூட்டத்தில் ஒரு நிர்வாக அங்கத்தினர் கூறிய சொல்லையும் இங்குக் குறிப்பிட வேண்டும். சயாம் சென்றவர்களையும் சேர்த்தெண்ண வேண்டுமென்று நான் சொன்னபோது அவர், "அவர்கள் கூலிகள், வீரர்களல்லர், சேர்த்தால் கம்பத்துக்கு மதிப்பிராது" என்றார். இவருடைய பாட்டனாரும் கூலியே. என் பாட்டனாரும் கூலியே. அது நிற்க. படையிற் சேர்ந்தவரையும் சயாம் சென்றவரையும் எந்தக் கத்தியால் இவர் பிரித்தெடுக்கப் போகிறார்? சயாமுக்கு அனுப்பப்படுவதினின்று தப்பும் பொருட்டே இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தோர் உண்டு. ஒரே லயத்தில், ஒரே குடும்பத்தில், ஒருவன் துப்பாக்கி பிடிக்கவும் மற்றொருவன் மண்வெட்டி பிடிக்கவும் சென்றிருக்கிறான். படைக்கு நேசக்கரம் நீட்டிய அதே ஜப்பானியர்தாம், மண்வெட்டி பிடித்தவனைப் பட்டினியாலும் காலராவாலும் மாயவிட்டவர். போஸின் படையைப் போற்றுவோர் இந்த உண்மையை விழுங்கிவிட்டுப் போற்றுதல் நேர்மையன்று. விழுங்காமலே போற்றலாம்; அதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

சயாம்–பர்மா இரயில் பாதை 415 கிலோமீட்டர் நீளமுள்ளது. 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் இரு முனைகளும் சேர்க்கப்பட்டன. 60,000-க்கு மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தனர்; 12,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுக்கு வயதுண்டு, படைப்பிரிவுண்டு, இறந்த தேதியுண்டு. காஞ்சனபுரி யுத்தக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 பேர் கிடக்கின்றனர்; புல் தரையில் வரிசை பிசகாமல் கற்கள் நிற்கின்றன. ஆசியத் தொழிலாளரோ இரண்டு லட்சத்துக்கு மேற்பட்டவர். மலாயாவிலிருந்து சென்ற தமிழர் அவர்களில் ஒரு பெருங் கூட்டத்தார். எத்தனை பேர் மாண்டனர்? தொண்ணூறாயிரம் என்பார் சிலர். கூட்டியும் குறைத்தும் சொல்வார் வேறு சிலர். பன்னிரண்டாயிரம் வெள்ளையர் விஷயத்தில் கணக்கு ஆள் ஆளாக நிற்கிறது. நம்மவர் விஷயத்திலோ உத்தேச மதிப்பு; அதுவும் ஆயிரக்கணக்கில் ஏறி இறங்குகிற மதிப்பு. செம்பனைக் குலையைக்கூட இப்படிக் கணக்கெழுதினால் கம்பெனி என்னை வேலையினின்று நீக்கிவிடும்.

இவ்விடத்தில் என் தொழிலைச் சார்ந்த ஒரு வெட்கத்தையும் மறைக்காமற் கூறுகிறேன். வெள்ளைத் துரைமார் 1941-இன் இறுதியிலும் 1942-இன் தொடக்கத்திலும் தோட்டங்களை விட்டோடினர். அதன்பின் பல தோட்டங்களில் அதிகாரம் நடத்தியவர்கள் கிராணிமாரும் கண்டக்டர்மாருமே. ஜப்பானியர் இத்தனை ஆள் வேண்டுமென்று கேட்டபொழுது, பெயர்ப் பட்டியல் எவர் கையால் எழுதப்பட்டது? காரியாலயத்து மேசையிலே, செக்ரோலைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு, எங்களைப் போன்றவர் கையாலேதான். மிரட்டலுக்கு அஞ்சி எழுதினவரும் உண்டு. தமக்கு வேண்டாதவனை முதலில் எழுதினவரும் உண்டு. அனுப்புகிற வேளையில் அவர்களுக்குப் பெயர் இருந்தது! பெயர் கூப்பிட்டுத்தான் லாரியில் ஏற்றினர். மாண்ட பிறகே பெயர் மறைந்தது. ஆதலின் அப்பெயர்களைத் தேடியெழுத வேண்டிய கடன் மற்றெவரையும்விடக் கிராணி வர்க்கத்துக்கே அதிகம் என்று நான் கருதுகிறேன். எங்கள் காரியாலயத்தில் அக்காலத்துச் செக்ரோல் ஒன்றும் இல்லை. கட்டடம் மாற்றியபொழுது பழங்குப்பையென்று கொளுத்தினார்களாம்.

வெள்ளையன் தன் வீரர்களுக்குக் கொடுத்த மரியாதையைப் பார்த்து மயங்கினவர்களில் நானும் ஒருவன். பள்ளிப் பிராயத்தில் தைப்பிங் யுத்தக் கல்லறைக்கு எங்களை அழைத்துச் சென்றார்கள். சாலையின் இரு பக்கத்திலும் அது பரந்திருக்கிறது. 860-க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கின்றனர். அவர்களில் 500-க்கு மேற்பட்டோர் இன்னாரென்று அறியப்படாதவர். இந்தியச் சிப்பாய்களும் கூர்க்காக்களும் அங்குண்டு. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். இதல்லவோ சமத்துவம் என்று நினைத்தேன். 1917-இல் நிறுவப்பட்ட யுத்தக் கல்லறைக் கமிஷன், இனம், மதம், பதவி பாராமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதே தன் விதியென்றது. பின்னர் 2021-இல் அக்கமிஷனே நியமித்த விசாரணைக் குழுவின் அறிக்கையைப் படித்தேன். முதல் உலக யுத்தத்தில் மாண்ட ஆசிய, ஆப்பிரிக்கரில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனரென்றும், இவர்கள் நீங்கலாகக் குறைந்தது 116,000 பேர் பெயர் சொல்லப்படாமலோ, நினைவுக்குறியே இல்லாமலோ விடப்பட்டனரென்றும் அதில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். தூணும் மதிலும் எழுப்பாமல் விட்டார்களென்பதன்று அந்த அறிக்கையின் பெருங்குற்றச்சாட்டு. தூணிருந்த இடத்திலும் பெயரில்லை என்பதே. அன்றைக்கு அந்நியன் நமக்குச் செய்ததை இன்றைக்கு நம்மவருக்கு நாமே செய்யத் தீர்மானம் நிறைவேற்றியிருக்கிறோம், அதுவும் ஏகமனதாக!

கம்பம் நிலைத்து நிற்குமென்றாவது நம்பலாமா? சிங்கப்பூர் எஸ்பிளனேட் கடற்கரையில் இந்திய தேசிய இராணுவ நினைவுச்சின்னத்துக்குப் போஸ் 1945 ஜூலை 8-ஆம் நாள் அடிக்கல் நாட்டினார். ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் என்னும் பொருளுடைய மூன்று சொற்கள் அதில் இருந்தன. பிரிட்டிஷார் திரும்பிவந்த செப்டம்பர் மாதமே அது இடித்துத் தகர்க்கப்பட்டது. அவ்விடத்தில் ஓர் அறிவிப்புக் கல் வைப்பதற்கு 1995-ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது. தலைநகரின் நடுவே நின்றதற்கே அக்கதியானால், செம்பனைக் காட்டு மூலையில் நிற்கும் இரும்புக் குழாய்க்கு என்ன காவல்? எங்கள் இடுகாடு கம்பெனியின் பட்டா நிலத்துக்குள் ஒரு மூலை. அரசாங்கக் கெஜட்டில் இடுகாடென்று ஒதுக்கப்பட்டதன்று. தோட்டம் கைமாறப் போகிறதென்ற பேச்சு இரண்டு வருஷமாக அடிபடுகிறது. வாங்குகிறவர் வீடு கட்ட வாங்கினால், மண்வாரி யந்திரத்துக்கு இடுகாடும் ஒன்றுதான், ஆயாக் கொட்டகையும் ஒன்றுதான். அப்போது மாநில சர்க்காரிடம் மனுக்கொண்டு போனால் முதலிற் கேட்கப்படுவது, அங்கே அடங்கியிருப்பவர் யார், எத்தனை பேர், அத்தாட்சி என்ன என்பதாகவே இருக்கும். பெயர்ப் பதிவேடு இருந்தால் மேசைமேல் வைக்கலாம். கொடிக்கம்பத்தின் ரசீதை வைத்து என்ன செய்வது?

இன்னொரு விவகாரமும் உண்டு. கம்பத்தில் எந்தக் கொடி பறக்கும்? இராட்டை பொறித்த மூவர்ணக் கொடியே வேண்டுமென்றார் சிலர். அந்நிய நாட்டுச் சின்னங்களைப் பொதுவிடத்தில் காட்டுவதைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்று 1949 முதல் இந்நாட்டில் இருப்பதை அவர்கள் அறியார். நம் நாட்டுக் கொடியே பறக்கட்டுமென்றார் மற்றவர், அதுவே முறை. ஆனால் சயாமில் மாண்டவன் எந்தக் கொடியின் கீழும் நின்றவனல்லன். அவன் கண்ட கொடி ஒன்றே. அது அவனை அடித்தவனுடையது. இவ்வாதத்தில் முக்கால் மணி நேரம் சென்றது. பெயர்களைப் பற்றிய என் கேள்விக்கு இரண்டு நிமிஷமும் செல்லவில்லை.

தமிழனுக்கு இது புதுப்பாடமுமன்று. தொல்காப்பியம் புறத்திணையியலில் வீரனுக்கு நடும் கல்லைத் தேர்ந்தெடுப்பது முதல் வாழ்த்துவது வரை ஒவ்வொரு படியும் சொல்லப்பட்டிருக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006-இல் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவற்றிலொன்று, மாடு கவரும் பூசலில் மாண்ட ஒருவனுடையது. அவன் பெயரும், பூசல் நடந்த ஊரின் பெயரும் அக்கல்லில் இருக்கின்றன. நாலு மாட்டுக்காக மாண்டவனுக்கு அன்றைய கிராமத்தான் பெயர் வெட்டினான். அவனிடம் பிரமுகருமில்லை, ஒலிபெருக்கியுமில்லை. காஞ்சனபுரியிலும், வெகுகாலம் கேட்பாரற்றுக் கிடந்த தமிழர் பொருட்டு 2023-இல் ஒரு நடுகல் நாட்டப்பட்டது. பிறநாட்டு மண்ணில் அது முடிந்தது, பாராட்டுகிறேன். திரும்பி வந்து நம் வேலிக்குள் படுத்திருப்பவர்களின் முறை எப்பொழுது?

"இளைஞர் கம்பத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள், அதனால் சரித்திரம் விளங்கும்" என்கிறார் காரியதரிசி. நல்ல எண்ணம், அவர் நல்லவருங்கூட, வைகாசித் திருவிழாக் கணக்கை ஒரு காசு குறையாமல் ஒப்புவிப்பவர். ஆனால் பையன் வந்து, "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டால் அவர் என்ன விடை கூறுவார்? "பத்துப் பன்னிரண்டு பேர்" என்றா?

கம்பம் வேண்டாமென்று நான் ஒருபொழுதும் சொல்லவில்லை. பதிவேடு முன்னே, கம்பம் பின்னே என்கிறேன். இறப்புச் சான்றிதழ்கள் குடும்பத்தாரின் தகரப் பெட்டிகளில் இருக்கும். சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்தவர்களின் அட்டைகளும் இருக்கும். கோயில் வரிப் புத்தகம் பூசாரி வீட்டில் இருக்கிறது. எழுபது எண்பது வயதானவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர் சென்ற தீபாவளிக்கு இருந்தார், இந்தத் தீபாவளிக்கு இல்லை. அவருடன் எத்தனை பெயர்கள் போயினவோ! பெண்களை இன்னாரின் மனைவியென்று எழுதாமல் அவரவர் பெயராலேயே எழுதவேண்டும். பெயருக்குப் பின் சாதிப் பட்டம் ஒன்றும் கூடாது. ஒரே அடுப்பில் உண்டவர்களைக் கல்லில் ஏற்றும்பொழுது மறுபடியும் பிரிக்க நமக்கு அதிகாரமில்லை. படையிலிருந்தவர், சயாம் சென்றவர், பின்னர் இந்நாட்டு இராணுவத்தில் பணிபுரிந்தவர் எல்லோரும் ஒரே வரிசையில், இறந்த ஆண்டின்படி. சலவைக்கல்லில் நிர்வாகிகளின் பெயர்களுக்கு ஒதுக்கிய இடம் இதற்குத் தாராளமாகப் போதும்.

நான் தொடங்கிவிட்டேன். நீளவாட்டில் ஒரு புதுக் கணக்குப் புத்தகம் வாங்கி, செக்ரோலில் கோடு போடுவதுபோலவே கோடு போட்டிருக்கிறேன்: பெயர், தகப்பனார் தாயார் பெயர், லயம், சென்ற இடம், திரும்பிய ஆண்டு, இறந்த ஆண்டு, கிடக்கும் இடம். மூன்று வாரத்தில் ஒன்பது பெயர்கள் சேர்ந்திருக்கின்றன. நேதாஜி தாத்தாவின் பெயர் அவருடைய பேத்தியின் திருமண அழைப்பிதழிலிருந்து கிடைத்தது. பேத்தி டவுனில் கடை வைத்திருக்கிறார். சயாமில் தங்கிவிட்ட அண்ணனுடைய பெயரைச் சயாம்காரரின் மருமகள் சொன்னார். அவர் இங்கே அடங்கவில்லையே, எழுதலாமா என்று தயங்கினார்; எழுதினேன். ஜான்சி பாட்டியின் பெயர் இன்னும் கிடைக்கவில்லை. அவர் முன்னர் வேறொரு தோட்டத்தில் இருந்தவரென்று மாத்திரம் தெரிகிறது. அவருடன் ஒரே நிரையில் பால் வெட்டிய அம்மையார் ஒருவர் டவுனில் மகள் வீட்டிலிருக்கிறாராம். காது கேளாது, நினைவு நன்றாயிருக்கிறதாம். நாளை மறுநாள் போகிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு இடுகாட்டில் புல் வெட்டத் தொடங்குகிறோம். நிர்வாக அங்கத்தினர் அனைவரும் வரவேண்டும். கத்தி அவரவர் கொண்டுவருக. கணக்குப் புத்தகம் என்னிடம் இருக்கும்.